தோட்டத்து வீட்டுக்கு டீப் பிரீசர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

போன வருடம் ஆடி பிறப்பதற்கு முன்னால் 200 லிட்டரில் பெட்டி மாதிரி மேல்பக்கம் திறக்கிற டீப் பிரீசர் ஒன்று வாங்கினோம். எங்களுடையது வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து வீடு. கறி, மீன் எடுக்க ஒவ்வொரு முறையும் வண்டி எடுத்துப் போக வேண்டும். மூலனூர், அரவக்குறிச்சி பக்கமெல்லாம் முருங்கை வரத்து கூடினால் விலை தரையில் கிடக்கும், இரண்டு மாதம் கழித்து ஒரு காய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். பொங்கல் சமயத்தில் பச்சைத் துவரை கொட்டிக் கிடக்கும், சித்திரையில் தேடினாலும் கிடைக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினோம்.

வாங்கிய மூன்றாவது வாரம், கோயில் கெடா வெட்டு முடிந்து கொண்டுவந்த பதினெட்டு கிலோ கறியில் பாதிக்கு மேல் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வைத்த இடமும், கொடுத்த கரண்டும், நிரப்பிய விதமும் தப்பு. அந்தக் கறியைக் குழியில் கொட்டும்போது என் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்களும் அப்படி ஒரு குழி தோண்ட வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் இடம், அப்புறம் கடை

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து மூன்று இடத்தை அளந்துகொள்ளுங்கள்: வாசற்படியின் அகலம், பெட்டி வைக்கப்போகிற இடம், மூடி மேலே திறக்கும்போது வேண்டிய உயரம். பழைய வீடுகளில் வாசல் நிலை குறுகலாக இருக்கும். எங்கள் வீட்டில் பெட்டி அரை அங்குலம் இடித்து, கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். மூடிக்கு நேர் மேலே அலமாரி இருந்தால் ஒவ்வொரு முறையும் பாதிதான் திறக்கும். கீழே கிடக்கிற பொட்டலம் கைக்கே எட்டாது.

சுற்றிலும் குறைந்தது நாலு விரற்கடை முதல் ஒரு சாண் வரை காற்றோட்டம் வேண்டும். நிறையப் பெட்டிகளில் சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே ஓடும். அதனால்தான் ஓடும்போது பக்கச் சுவர் தொட்டால் சூடாக இருக்கிறது. முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்துப் பயந்து கடைக்குப் போன் போட்டேன். அது இயல்புதான். ஆனால் அந்தச் சுவரை ஒட்டி அரிசி மூட்டை, தேங்காய்க் குவியல், பழைய சாக்கு எதையும் சாத்தி வைக்கக் கூடாது. சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

சிமெண்ட் சீட்டு, தகரம் போட்ட தாழ்வாரத்தில் வைக்க வேண்டாம். கரூர், ஈரோடு பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் அதற்கு மேலும் போகும். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்து இருக்கும். ‘டி’ (T) என்று இருந்தால் 43 டிகிரி வெளிச்சூடு வரைக்கும், ‘என்’ (N) என்று இருந்தால் 32 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. நம் ஊருக்கு ‘டி’ இல்லாமல் வாங்கவே கூடாது. கடையில் இதைக் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. நீங்களே குனிந்து தகட்டைப் பாருங்கள்.

2. அளவும் மூடியும்

நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 100 லிட்டரிலிருந்து 200 லிட்டர் போதும். கூட்டுக் குடும்பம், அடிக்கடி விருந்து என்றால் 300. பெரிதாக வாங்கிப் பாதி காலியாக ஓட்டுவது கரண்டுக்குத்தான் நஷ்டம்.

கண்ணாடி மூடி போட்டது கடைக்காரர்களுக்கு. ஐஸ்கிரீம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. வீட்டுக்குத் தகட்டு மூடி, அதாவது ஹார்ட் டாப்தான் வேண்டும். கண்ணாடி வழியாகக் குளிர் போய்க்கொண்டே இருக்கும், கரண்ட் நின்றால் சீக்கிரம் உருகும். பழைய ஐஸ்கிரீம் பெட்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பூட்டு இருக்கிறதா, அடியில் தண்ணீர் வடிகிற துளை இருக்கிறதா, கூடை எத்தனை தருகிறார்கள் என்று பாருங்கள். வடிகால் துளை இல்லாத பெட்டியைச் சுத்தம் செய்வது பெரிய பாடு.

3. வாங்கும் நாளில் கையில் வாங்க வேண்டியவை

ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, இரண்டிலும் பெட்டியின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும். பில், அட்டை, பெட்டி மூன்றிலும் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் பில்லில் வரிசை எண் ஒரு எழுத்து மாறியிருந்தது. பிறகு சர்வீஸுக்குக் கூப்பிட்டபோது ‘இந்த எண் எங்கள் கணக்கில் இல்லையே’ என்றார்கள். கடைக்கு மூன்று நடை நடந்து திருத்தி வாங்கினோம்.

வாரண்டியில் மொத்தப் பெட்டிக்கு ஒரு கணக்கு, கம்ப்ரசருக்கு வேறு கணக்கு இருக்கும். ரப்பர் பட்டி, கூடை, பல்பு எல்லாம் அதில் சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். வாரண்டியை ஆன்லைனில் பதிய வேண்டுமா, எத்தனை நாளுக்குள் என்பதையும் கேளுங்கள். தவணையில் வாங்குவதாக இருந்தால் ஆதார், பான், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் ‘பிராசஸிங் கட்டணம்’ என்று தனியாக ஒன்று இருக்கும். அதையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

எங்களுக்கு ஆன செலவு இது: பெட்டி 22,400 ரூபாய். ஸ்டெபிலைசர் 3,200. தனி லைனும் எர்த்தும் 2,700. டெம்போவும் ஏற்றி இறக்கிய கூலியும் 600. உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் 250. மொத்தம் 29,150. பெட்டி விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் மீதி ஏழாயிரத்துக்கு வழியில்லாமல் ஸ்டெபிலைசரைத் தள்ளிப் போடுவீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

4. கரண்ட்: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறோம்

தோட்டத்து லைனில் மும்முனைக் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். அப்போது வீட்டுப் பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துக் காட்டினார்: காலையில் 225 வோல்ட் இருந்தது, மோட்டார் ஓடும்போது 168. “ஏனுங்க்கா, இதுல கம்ப்ரசர் கிளம்பவே மூச்சு முட்டுமுங்க. கிளம்பாம திணறித் திணறிச் சூடாகி நின்னுக்கும்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பெட்டிக்குள் விளக்கு எரிகிறது, குளிர்வது மட்டும் நடக்கவில்லை.

ஆகவே ஸ்டெபிலைசர் அவசியம். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும் என்பது ஒன்று. கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் பொறுத்து விடுகிற வசதி இருக்கிறதா என்பது மற்றொன்று. போன கரண்ட் உடனே திரும்பினால் கம்ப்ரசர் அழுத்தத்தோடு கிளம்பப் பார்க்கும். மூன்று நிமிடத் தாமதம் அதைக் காப்பாற்றும். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று பெட்டியில் ஒட்டியிருந்தாலும், அது எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். உங்கள் வீட்டு மோட்டார் நேர வோல்ட் அதற்குள் வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனி பவர் பிளக் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு சேர்த்துச் சொருக வேண்டாம். எர்த் சரியாக இருக்க வேண்டும். ஈரக் கையோடு தகட்டு மூடியைத் தொடுகிற சாமான் இது. லேசாகச் ‘சுர்’ என்றாலும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மோட்டார் ரூமில் இருக்கிற விவசாய இலவச இணைப்பிலிருந்து ஒரு ஒயர் இழுத்து வீட்டுச் சாமானை ஓட்டுவது சுலபமாகத் தோன்றும். செய்யாதீர்கள். கொடுத்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் எடுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். எப்போதிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள்.

5. மாதச் செலவு

எங்கள் பெட்டி மார்கழியில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே, சித்திரையில் ஒன்றரை யூனிட் வரை எடுக்கிறது. ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் சராசரியாக 75 யூனிட் கூடியது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாங்கள் வாங்கிய சமயத்தில் இரு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 சலுகை விலை என்று இருந்தது. 500-ஐத் தாண்டினால் அந்த அடுத்த 100-க்கான சலுகை விலை போய்விட்டது, தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் வந்தது. நாங்கள் 430, 440 என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். பிரீசர் வந்ததும் 512 வந்தது. பில்லைப் பார்த்தபோதுதான் உறைத்தது. உங்கள் அட்டையில் கடைசி ஆறு கணக்கை எடுத்துப் பாருங்கள். 420-க்கு மேல் போகிறவர்கள் வாங்கும் முன்னாலேயே வேறு எதில் குறைக்கலாம் என்று யோசிக்க வேண்டும். நாங்கள் ஹீட்டரை விட்டுவிட்டு விறகடுப்பில் வெந்நீர் போட ஆரம்பித்தோம், 470-க்கு இறங்கியது.

6. வந்து இறங்கிய நாள்

வண்டியில் நிற்க வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். நிமிர்ந்து வந்திருந்தாலும் நாலு மணி நேரம் சும்மா விட்டுவிட்டுத்தான் பிளக் போட வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி இறங்க வேண்டும்.

பிறகு காலியாகவே ஓர் இரவு ஓட விடுங்கள். தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மைனஸ் 18 டிகிரி வந்த பின்தான் சாமான். திருகில் 1, 2, 3 என்று எண் இருக்கும், அவை டிகிரி அல்ல. எந்த எண்ணில் மைனஸ் 18 நிற்கிறது என்று கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. நிரப்பும் முறை: எங்கள் கறி போன கதை

டீப் பிரீசர் உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்கச் செய்த பெட்டி. சூடான கறியைக் கொட்டினால் உறைய வைக்க அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. பொதுவான கணக்கு: 100 லிட்டருக்கு ஒரு நாளில் மூன்றரையிலிருந்து ஐந்து கிலோ வரைதான் புதிதாகப் போடலாம். எங்கள் 200 லிட்டருக்கு ஏழிலிருந்து பத்து கிலோ. நாங்கள் போட்டது பதினெட்டு. அதுவும் வெட்டிய சூடு ஆறாமல், நாலு பெரிய கவரில் மூட்டையாகக் கட்டி, நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக. மறுநாள் சாயங்காலம் ஒரு மூட்டையைத் தூக்கினேன். வெளிப்பக்கம் கல் மாதிரி இருந்தது. கத்தியால் பிளந்தால் உள்ளே கை வைக்கிற அளவுக்கு வெதுவெதுப்பு, நிறம் மாறி, ஒரு நாற்றம். வெளியே உறைந்த தோல் உள்ளே இருக்கிற சூட்டைப் போர்வை மாதிரி பிடித்து வைத்திருந்தது.

இப்போது நாங்கள் செய்வது இது. கறியை அலசி, நீர் வடிய விட்டு, முதலில் சாதாரண பிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் அரை அரைக் கிலோவாகப் பிரித்துக் கவரில் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தோசை மாதிரி பரத்திக் காற்றை வெளியேற்றிக் கட்டுகிறோம். மேலே இன்னொரு கவர். காற்று இருந்தால் கறி வெளுத்து நார் மாதிரி காய்ந்துபோகும். தட்டையான பொட்டலங்களை முதலில் சுவரை ஒட்டி நிற்க வைக்க வேண்டும், குளிர் அங்கிருந்துதான் வருகிறது. இறுகிய பின் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். அளவுக்கு மேல் இருந்தால் மீதி பிரிட்ஜில் இருக்கட்டும், மறுநாள் மாற்றலாம். அதற்கும் மேலே இருந்தால் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள், புண்ணியமாவது மிஞ்சும்.

காய்களைப் பச்சையாகப் போட்டால் இரண்டு மாதத்தில் நிறமும் மணமும் போய்விடும். பச்சைத் துவரை, மொச்சை, பட்டாணி எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம், துணியில் பரப்பி ஈரம் போன பின் கவரில். முருங்கைக்காய் விரல் நீளத்துக்கு வெட்டி மூன்று நிமிடம். இந்த ஒரு கொதி, காயை உள்ளுக்குள் பழுதாக்குகிற நொதிகளை நிறுத்திவிடும். தேங்காய்த் துருவலுக்கு இந்த வேலை இல்லை, ஒரு மூடி ஒரு பொட்டலம் என்று தட்டையாகக் கட்டினால் போதும்.

தயிர், முட்டை ஓட்டோடு, பச்சை உருளைக்கிழங்கு, வெள்ளரி ஆகியவற்றைப் போட வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலும் சோடாவும் வெடிக்கும்.

எத்தனை நாள் என்று கேட்டால்: ஆட்டுக்கறி ஆறிலிருந்து ஒன்பது மாதம், கோழித் துண்டுகள் ஒன்பது மாதம், கொத்துக்கறி மூன்று நாலு மாதம், மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன் இரண்டு மூன்று மாதம், சமைத்த குழம்பு இரண்டு மூன்று மாதம். மைனஸ் 18-ல் நின்றிருந்தால் இதற்கு மேல் போனாலும் கெடாது, ருசி மட்டும் இறங்கும்.

8. அடியில் கிடப்பதை மறக்காமல் இருக்க

பெட்டிப் பிரீசரில் அடியில் போனது போனதுதான். நாங்கள் சின்ன வெங்காயம் வருகிற வலைப் பைகளைக் கழுவி வைத்திருக்கிறோம். கறி ஒரு பையில், காய் ஒரு பையில், தேங்காய் ஒன்றில். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் மேலே வரும். பொட்டலத்தின் மேல் காகித டேப் ஒட்டித் தேதி எழுதிய பின்தான் உள்ளே போக வேண்டும். பனி பிடித்த கவரில் பேனா எழுதாது. பெட்டிக்கு மேலே தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறோம், கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் கணக்கு. என்ன போட்டோம், என்ன எடுத்தோம். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கிற நேரம் இதனால் மிச்சம்.

காலி இடத்தில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை அடுக்குங்கள். கரண்ட் போனால் அவைதான் காவல்.

9. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள், முதல் நாள் பேப்பரில் ஊர்ப்பெயரோடு வரும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. நிறைந்த பெட்டி, மூடியைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். ‘எப்படி இருக்கிறது பார்க்கலாம்’ என்று திறந்து திறந்து மூடுவதுதான் கெடுதல். இதற்காக இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம். கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் நின்றுவிடும்.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஓர் ஐந்து ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் உறைந்து கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கறியைத் தொட வேண்டாம்.

உருக ஆரம்பித்த பொட்டலத்தில் இன்னும் ஐஸ் மணல் தட்டுப்பட்டால் திரும்ப உறைய வைக்கலாம். முழுதாக உருகி, பிரிட்ஜ் குளிர்கூட இல்லாமல் இருந்தால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். சமைக்க எடுக்கும்போதும் முதல் நாள் இரவே பிரிட்ஜுக்கு மாற்றுங்கள், அடுப்பு மேடையில் வைத்து உருக்க வேண்டாம்.

10. சுத்தம்

பனி அரை விரல் தடிமனுக்கு வந்தால் எடுத்துவிட வேண்டும். எங்களுக்கு வருடத்தில் இரண்டு முறை: பங்குனியில் வெயில் ஏறும் முன், அப்புறம் ஐப்பசி மழை முடிந்த பின். பிளக்கைப் பிடுங்கி, சாமானைத் துணி சுற்றிப் பெரிய அண்டாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியைத் திறந்துவிட்டு, உள்ளே மணைப்பலகை மேல் ஒரு குண்டான் வெந்நீர். வடிகால் துளைக்குக் கீழே தட்டு. ஒன்றரை மணி நேரத்தில் பனி பாளம் பாளமாகக் கழன்று விழும். கத்தி, அரிவாள், திருப்புளி எதையும் உள்ளே விடாதீர்கள். சுவருக்குள் வாயுக் குழாய் ஓடுகிறது. இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 அல்லது ஆர்-600ஏ வாயு இருக்கும், இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை. சோடா உப்பு கலந்த தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காலியாக ஓட்டிக் குளிர்ந்த பின் சாமானை வையுங்கள்.

ரப்பர் பட்டியைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை நடுவில் வைத்து மூடியைச் சாத்தி இழுங்கள். பிடித்து இழுபட வேண்டும். தானாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பட்டி தளர்ந்திருக்கிறது. தோட்டத்து வீட்டில் எலி, பல்லி, எறும்புக்குக் கம்ப்ரசர் அடியில் இருக்கிற வெதுவெதுப்பு பிடிக்கும். மாதம் ஒரு முறை டார்ச் அடித்து ஒயரைப் பாருங்கள்.

பூட்டிச் சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே ஏறி மூடினால் வெளியே சத்தம் கேட்காது. காலிப் பெட்டியாக இருந்தாலும், ஓடாத பெட்டியாக இருந்தாலும் பூட்டியே இருக்கட்டும்.

11. ரிப்பேர்காரர் வரும்போது

குளிரவில்லை என்றால் கூப்பிடும் முன் நாலு விஷயம் பாருங்கள்: வோல்ட் எவ்வளவு, மூடி முழுக்கச் சாத்துகிறதா, பனி தடித்திருக்கிறதா, சுவரை ஒட்டி ஏதாவது சாத்தியிருக்கிறதா. எங்களுக்கு இரண்டு தடவை இதிலேயே தீர்ந்தது.

வந்தவுடன் ‘கேஸ் குறைஞ்சிருக்குங்க, ஏத்தணும்’ என்று சொன்னால், ‘எங்க லீக்குன்னு காட்டுங்க’ என்று கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கிற வாயு மூடிய குழாயில் சுற்றுவது, வண்டி பெட்ரோல் மாதிரி தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் சில மாதத்தில் மறுபடி அதே செலவு. வாரண்டி இருக்கும்போது வெளி ஆளைத் திறக்க விடாதீர்கள், கம்பெனி சர்வீஸ் ஆளையே கூப்பிட்டுப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள், மாற்றிய பொருளுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். பீரோவுக்குள் வைத்தால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.